நானேதான் கூட்டுறேன்

பேத்திக்குக் காதுகுத்து என்று, பள்ளிக்கூடம் கூட்டும் அன்னக்கொடி லீவு கேட்டாள். "நீ போயிட்டா யார் கூட்டுறது? போ, வேலையைப் பாரு" என்று விரட்டினார் தலைமையாசிரியர் தங்கசாமி.

அன்றைக்கே இன்ஸ்பெக்‌ஷன். அதிகாரி முன்னால் தங்கசாமி ஆங்கில இலக்கணம் நடத்தினார். 'நானேதான்' என்று அழுத்திச் சொல்ல 'மைசெல்ஃப்' போடவேண்டுமாம். உதாரணமும் தன் பெருமைதான்: "ஐ மைசெல்ஃப் ஸ்வீப் த ஸ்கூல்."

அதிகாரி அசந்துபோனார். "பள்ளிக்கூடத்தை நீங்களேவா கூட்டுறீங்க?"

"தினமும் சார்" என்றார் தங்கசாமி, கூசாமல்.

வாசலில் நின்ற அன்னக்கொடி கைகூப்பினாள். "ஆமாங்கய்யா, விளக்குமாத்தை என் கையிலயே குடுக்கமாட்டாரு. பேத்தி காதுகுத்துக்கு ஒரு வாரம் போயிட்டு வரட்டுங்களா?"

"தாராளமா போம்மா" என்றார் அதிகாரி. "நாளைக்கு நானே வந்து சார் கூட்டுறதைப் பார்க்கணும்."

மறுநாள் தங்கசாமி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் பிள்ளைகள் பிழையில்லாமல் பாடம் ஒப்பித்தார்கள்: "ஹி ஹிம்செல்ஃப் ஸ்வீப்ஸ் த ஸ்கூல்."