குழிக்குப் போன காய்கள்

ஆவாரங்குளத்துக் கரையில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பொல்லாத கோபக்காரி. கோபம் வந்தால் அவள் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு சடசடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டாலே முயல்கள் புதருக்குள் போய்ப் பதுங்கிவிடும்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு குளத்தின் ஓரமெல்லாம் கறுப்பு வண்டல் படிந்து கிடந்தது. அந்த மண்ணைப் பார்த்ததும் காட்டு விலங்குகளுக்கு ஆசை வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டார்கள்.

கட்டையன் என்ற காட்டுப்பன்றி மூக்கால் உழுதான். கொண்டைக்குருவிகள் எங்கெங்கிருந்தோ விதை கொண்டுவந்து போட்டன. முயல்கள் களை பறித்தன. சடைச்சி தன் நகத்தால் மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டினாள். நகம் தேய்ந்து ரத்தம் கசிந்தபோதும் விடவில்லை.

உழைப்பு வீண்போகவில்லை. கத்தரி, கொத்தவரை, பாகல், சுண்டை, சுரை, தக்காளி என்று செடியும் கொடியும் தாங்க முடியாமல் காய்த்துத் தொங்கின. தின்னத் தின்னத் தீரவில்லை.

பங்கு போடும் பொறுப்பு அழகேசன் என்ற மயிலிடம் போயிற்று. அவன் ஒரு பாத்தியிலும் கால் வைத்தவனில்லை. ஆனால் தோகையை விரித்துக்கொண்டு பாறைமேல் நின்றால் பார்க்க எடுப்பாக இருப்பான். அந்த ஒரே காரணத்துக்காக அவனைத் தலைவனாக்கிவிட்டார்கள்.

அறுவடை தொடங்கியது. அழகேசன் ஒவ்வொரு காயையும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இந்தக் கத்தரி வளைஞ்சிருக்கு! குழிக்குப் போகட்டும்!"

"பாகல்மேல இதென்ன தழும்பு? குழிக்கு!"

"வெடிச்ச தக்காளியா? சீச்சீ! குழிக்கு!"

பாறைக்குப் பின்னால் ஒரு பெரிய குழி இருந்தது. கழித்த காய்கள் எல்லாம் அதில் விழுந்தன. அதிலிருந்து யாரும் எதையும் எடுத்துவிடாதபடி இரண்டு காட்டுச் சேவல்கள் காவல் நின்றன.

தான் பாத்தி கட்டி வளர்த்த கத்தரிக்காய்கள் கூடை கூடையாய்க் குழிக்குள் உருள்வதைச் சடைச்சி பார்த்தாள். 

"ஏன் தலைவரே, கோணலா இருந்தா ருசி போயிடுமா?" என்று கேட்டாள்.

"ருசியை யார் கேட்டது? பக்கத்துக் காட்டுக்காரங்க எட்டிப் பார்த்தா நம்ம குவியல் பளபளன்னு இருக்க வேண்டாமா? இந்தக் கோணல்மாணல் எல்லாம் இருந்தா எனக்குத்தான் கேவலம்!"

"காய் உங்க தோகையா, காட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு? அது திங்கிற பொருள்!"

"உன் முகத்துக்கு அழகு எங்கே தெரியப் போகுது? போ, போய்ப் பாத்தி கட்டு!"

சடைச்சியின் முள் சடசடத்தது. ஆனால் மற்ற விலங்குகள் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

அந்த நேரத்தில் ஒரு பெண்மான் தள்ளாடித் தள்ளாடி வந்தாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தாள். பின்னால் ஒரு குட்டி. அவள் பெயர் மருதாயி. மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டைச் சேர்ந்தவள். அங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

"ஐயா, சாப்பிட ஏதாவது கொடுங்க," என்றாள் மருதாயி. "மூத்த குட்டி வர்ற வழியிலேயே சுருண்டு விழுந்துட்டான். எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

"உழைச்சவங்களுக்குத்தான் இங்கே பங்கு!" என்றான் அழகேசன்.

"பங்கு கேக்கலை, ஐயா. அந்தக் குழியில கிடக்கிறதைக் கொடுத்தாக்கூடப் போதும்."

"குழிக்குப் போனது போனதுதான். அது அங்கேயே அழுகணும். இன்னைக்கு உனக்குக் கொடுத்தா நாளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை பேரும் வந்து நிப்பாங்க!"

இரண்டு சேவல்களும் இறக்கையை அடித்துக்கொண்டு முன்னால் வந்தன. குட்டி பயந்துபோய்த் தாயின் காலிடுக்கில் நுழைந்துகொண்டது.

சடைச்சிக்கு இந்த மயிலை இங்கேயே குத்திக் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் குத்தினால் அவன் கத்துவான்; காய் குழியில்தான் கிடக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு முள்ளை மெல்ல மடக்கிக்கொண்டு பாறை அடியில் போய் நின்றாள்.

"தலைவரே, உழைச்சவளுக்குப் பங்கு உண்டுதானே?"

"உண்டு. யார் இல்லைன்னது?"

"அப்போ நல்ல காயில எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்த அறுவடை முடியிற வரைக்கும் நீங்க கழிக்கிறது எல்லாமே என் பங்கு. சம்மதமா?"

அழகேசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த அம்மாவுக்குக் குப்பைதான் பங்காம்! எடுத்துக்கோ தாயே, முழுசா எடுத்துக்கோ!"

விலங்குகள் எல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தன. அவளோடு சேர்ந்து மண்ணில் புரண்டு பாடுபட்ட கட்டையனும் சிரித்தான். அதுதான் சடைச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் காவல் சேவல்களைத் தள்ளிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். முதல் கத்தரிக்காயை மான்குட்டியின் முன்னால் உருட்டிவிட்டாள்.

"தின்னுடா கண்ணு. யாரு கேட்டாலும் இது என் பங்குன்னு சொல்லு."

குட்டி தின்றது. தாயும் தின்றாள். சடைச்சியும் தின்றாள். ஆனாலும் குழி குறையவில்லை. மறுநாள் இன்னும் காய் விழுந்தது. அதற்கடுத்த நாள் அதைவிட அதிகம். அடியில் கிடந்தவை நசுங்கி நாறத் தொடங்கின.

"கண்ணு முன்னாலே வீணாப் போகுதே! அந்தப் பாழாப் போனவன் நெனச்சதுதானே நடக்குது!" என்று சடைச்சி புலம்பினாள்.

மருதாயி ஒரு பாறையைக் காட்டினாள். "இங்கே பாரு. உருண்டு வந்த கத்தரிக்காய் ஒண்ணு வெயில்ல கிடந்து காஞ்சிருக்கு. கடிச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

சடைச்சிக்கு உடனே சுறுசுறுப்பு வந்துவிட்டது. அகப்பட்ட காய்களையெல்லாம் பாறைமேல் மலைபோலக் கொட்டினாள். மேலே இருந்தவை காய்ந்தன. உள்ளே இருந்தவை புழுங்கிப் பூசணம் பூத்தன. அத்தனையும் பாழ்!

அன்றைக்கு அவள் தன்மேலேயே எரிந்து விழுந்தாள். "அவன் குழியில அழுக வெச்சான். நான் பாறைமேல அழுக வெச்சேன். என்ன வித்தியாசம்?"

"அவசரம்தான் வித்தியாசம்," என்றாள் மருதாயி. "கொஞ்சமா எடுப்போம். ஒண்ணு மேல ஒண்ணு படாமப் பரப்புவோம். எங்க கூட்டம் நக்குற உப்புப் பாறை மலையடிவாரத்துல இருக்கு. உப்பு பட்டா கெட்டுப்போகாதுன்னு தோணுது."

அப்படியே செய்தார்கள். மருதாயி வாயில் கவ்வி உப்புக்கட்டி கொண்டுவந்தாள். பாறைக் குழிவில் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்தார்கள். சடைச்சி தன் முதுகிலிருந்து உதிர்ந்த ஒரு முள்ளால் சுண்டைக்காயை ஒவ்வொன்றாகக் குத்தினாள். அப்போதுதான் உப்பு உள்ளே இறங்கியது. கத்தரியையும் பாகலையும் பல்லால் கீறிக் கீறி வில்லையாக்கினாள். எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். காலையில் பரப்புவாள். உச்சியில் புரட்டுவாள். வெயில் தாழ்ந்ததும் அள்ளி வளைக்குள் வைப்பாள்.

ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு குணம். கொத்தவரை சீக்கிரம் காயும். தக்காளி லேசில் காயாமல் அழும்பு பண்ணும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு பாறை அளவுதான் போட்டாள். அது கலகலவென்று சத்தம் போடுகிற வரைக்கும் அடுத்ததைத் தொடமாட்டாள். கொடியிலேயே முற்றிப்போனது என்று அழகேசன் கழித்த சுரைக்காய்களைக் குடைந்து காயவைத்துக் குடுக்கையாக்கினாள். வற்றலெல்லாம் அந்தக் குடுக்கைகளில் ஏறியது. மாங்காய் காற்றில் உதிர்ந்தபோது அதையும் பொறுக்கி உப்பிலும் காந்தாரி மிளகாயிலும் ஊறப்போட்டாள்.

"குப்பைக்காரி என்ன பண்றா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேலி பேசினார்கள். சடைச்சி முள்ளைச் சடசடத்துவிட்டுத் திரும்பவும் வேலையில் குனிந்துகொண்டாள்.

கோடை வந்தது. சாதாரணக் கோடை இல்லை. குளம் பாளம் பாளமாய் வெடித்தது. தோட்டம் கருகியது. அழகேசன் குகைக்குள் அடுக்கிவைத்திருந்த பளபளப்புக் காய்களை நம்பி எல்லோரும் போனார்கள். குகையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதில் எல்லாம் வெந்து கூழாகிக் கிடந்தன.

முயல்கள் மரப்பட்டையைக் கொறித்தன. கட்டையனின் தொந்தி வற்றித் தோல் தொங்கியது. கடைசியில் ஒருநாள் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சடைச்சியின் வளைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

சடைச்சி வெடித்துவிட்டாள். "எதுக்கு வந்தீங்க? குப்பை திங்கவா? அன்னைக்குச் சிரிச்சீங்களே! பச்சைக் குட்டி ஒண்ணு பசியில நடுங்கிக்கிட்டு நின்னுது. உங்கள்ல ஒருத்தருக்காவது வாய் இருந்துதா?"

"தப்புதான் அக்கா," என்றான் கட்டையன். "என் வயிறு நிறைஞ்சிருந்துது. அதனால உன் பேச்சு காதுல ஏறலை."

"இப்போ மட்டும் ஏறுதாக்கும்!"

மருதாயி அவள் பக்கத்தில் வந்தாள். "திட்டு சடைச்சி, நல்லாத் திட்டு. ஆனா திட்டிக்கிட்டே கொடு."

சடைச்சி குடுக்கைகளைத் திறந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி வற்றலும் நாலு வசவும் கிடைத்தன. இரண்டையும் அவர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

"நிறுத்து!" என்று ஒரு கூச்சல் கேட்டது. அழகேசன் இரண்டு சேவல்களோடு வந்து நின்றான். "குளத்துல விளைஞ்சது குளத்துக்குச் சொந்தம்! எல்லாக் குடுக்கையும் என்கிட்ட வரணும். நான்தான் பங்கு போடுவேன்!"

"இதுக்குக் குப்பைன்னு பேர் வெச்சது யாரு?" என்று கத்தினாள் சடைச்சி.

அவன் காதில் வாங்கவில்லை. ஒரு குடுக்கைக்குள் அலகை விட்டுப் பார்த்தான். உடனே முகத்தைச் சுளித்தான். "இதென்ன, கறுத்துச் சுருங்கிக் கிடக்கு! தலைவன் திங்கிற பண்டமா இது? ஓரளவு முழுசா இருக்கிறதை எனக்குத் தனியா எடுத்து வைங்கடா. உடைஞ்சதையெல்லாம் கீழே கொட்டுங்க!"

பழக்க தோஷத்தில் ஒரு சேவல் குடுக்கையைக் கவிழ்த்துவிட்டது. வற்றல் முழுவதும் புழுதியில் சிதறியது.

 மான்குட்டி மட்டும் மெல்ல முன்னால் வந்தது. புழுதியில் முகத்தை வைத்து ஒவ்வொரு துண்டாக நக்கி எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. கவிழ்த்த சேவல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதுவும் குனிந்து கொத்தத் தொடங்கியது. அதற்கும் பல நாளாகப் பட்டினி.

"டேய்! என்ன பண்றே? எழுந்திரு!" என்று அழகேசன் கத்தினான்.

"நீ வாயை மூடு!" என்று உறுமினான் கட்டையன். அவன் நடந்துவந்து மயிலுக்கும் குடுக்கைகளுக்கும் நடுவே மலைபோல நின்றான். "போதும்யா உன் பொறுக்கல். எங்க பஞ்சத்துக்குப் பாதிக் காரணம் வானம். மீதிக் காரணம் நீ. உன்னைப் பாறைமேல ஏத்தி வெச்ச நாங்களும்தான்!"

"இறங்கு! போ!" என்று முயல்கள்கூடக் கத்தின. இரண்டாவது சேவலும் நைசாக நகர்ந்து மற்றவர்களோடு போய் நின்றுகொண்டது. அழகேசன் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் பக்கம் ஒருவர்கூட இல்லை.

சடைச்சி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அவன் முன்னால் வந்தாள். குத்தப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழகேசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"உனக்கும் பசிக்குதுல்ல?" என்று கேட்டாள் சடைச்சி.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"நீ கொட்டச் சொன்னதை நீயே பொறுக்கு. ஒரு துண்டுகூட மண்ணுல கிடக்கக் கூடாது. பொறுக்கி முடிச்சுட்டு வா. உனக்கும் ஒரு பிடி உண்டு."

அழகேசன் பொறுக்கினான். அவன் தோகை புழுதியில் புரண்டு நிறம் மங்கியது. யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடைசித் துண்டைப் பொறுக்கியதும் சடைச்சி ஒரு பிடி வற்றலை அவன் முன்னால் தள்ளினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே தின்றான்.

அந்தக் கோடையில் ஆவாரங்குளத்தில் ஒரு உயிரும் போகவில்லை. மழை பெய்ததும் மருதாயி குட்டியோடு தன் காட்டுக்குக் கிளம்பினாள். அவள் கழுத்தில் நாலு குடுக்கைகள் தொங்கின. அந்தப் பக்கம் பிழைத்துக் கிடந்தவர்களுக்கென்று சடைச்சி கட்டிவிட்டவை அவை.

அடுத்த அறுவடையில் பங்கு போட யாரையும் தலைவனாக்கவில்லை. தின்றது போக மிஞ்சியதை ஒவ்வொரு குடும்பமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பிட்டுக் காயவைத்தது. சடைச்சி வளைக்கு வளை போய்ப் பார்த்தாள். யாராவது ஒரு சொத்தைச் சுண்டைக்காயைத் தூக்கி எறிந்தாலும் அவள் முள்ளின் சடசடப்புச் சத்தம் குளக்கரை முழுவதும் கேட்டது.

தின்னத் தகுந்ததைத் தோற்றத்தைப் பார்த்து எறிகிறவன் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறான்; மிஞ்சியதைப் பொறுமையாகப் பக்குவப்படுத்தி வைக்கிறவரே பஞ்சத்தில் தாமும் பிழைத்து மற்றவரையும் பிழைக்க வைக்கிறார்.