ஐம்பத்தெட்டில் ஒரு கோடு

கணினி சொல்லிவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் சரி, கணினி என்றாலே முகத்தைச் சுளிப்பவர்களும் சரி, என் கதைக்கு ஆக மாட்டார்கள். மற்றவர்கள் காதைக் கொடுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன், யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

தெற்குச் சீமையில் ஒன்பது ஊர்கள். காசநோயைக் கண்டுபிடிக்க, நெஞ்சைப் படம் எடுக்கும் வேன் ஒன்று ஐந்தே நாள் வருவதாக ஏற்பாடு. நிறுத்துவதற்கு ஒரே ஓர் இடம்தான். அதைத் தேர்ந்தெடுக்க ரபீக் என்பவர் மடிக்கணினியோடு வந்தார். வீடு, பாதை, பேருந்து, மக்கள்தொகை அத்தனையையும் வரைபட மென்பொருளுக்குள் ஏற்றினார். அது தேவன்குளம் பள்ளிக்கூடத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்தது. எந்த ஊரிலிருந்தும் அரைமணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம். ஒன்பது ஊரும் உள்ளங்கை நெல்லிக்கனியாகத் திரையில் கிடந்ததைப் பார்த்து அலுவலகமே வாயைப் பிளந்தது. அங்கே கோப்பு தூக்கிக்கொண்டிருந்த நானும்தான், பொய் சொல்வானேன்?

வாயைப் பிளக்காதவள் இசக்கியம்மாள் ஒருத்தி. வீடுவீடாகக் காசநோய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவள். முந்தின நாள்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுச் செல்லக்கிளி அவளிடம் அழுதிருக்கிறாள். இரண்டு மாதமாக இருமல், இடுப்பில் கைக்குழந்தை. பின்னாளில் செல்லக்கிளியே சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

"இங்க வேன் நின்னா நான் ஏறமாட்டேன்க்கா. நாலு பேரு பார்ப்பாவ. பொறவு தெருவுல தலைகாட்ட முடியுமா?"

"ஏளா, பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்வ?"

"நாலுமுக்குல நின்னா வாறேன். அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று இசக்கியம்மாள் வாக்குக் கொடுத்தாள். மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு வாசலிலும் அவள் கொடுக்கிற வாக்குதான் அது. அதை நம்பித்தான் கதவுகள் திறக்கின்றன.

"சார், வேனை நாலுமுக்குல நிப்பாட்டுங்க" என்றாள்.

நாலுமுக்கு என்பது நான்கு சாலைகள் கூடுகிற, பேருந்து மாறுகிற இடம். வியாழக்கிழமை சந்தை கூடும். குடியிருப்பு கிடையாது. வரைபடத்தில் வெறும் வெள்ளை.

"அங்கே ஆளே இல்லையேம்மா!" என்றார் ரபீக்.

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. வட்டார மருத்துவ அலுவலர் ஜெபமணி நல்லவர், ஆனால் கறார். "காரணம் இல்லாம வேன் நகராது. நாளைக்கு ஒன்பது ஊர்த் தலைவர்களும் வாராங்க. அவங்க முன்னால காரணத்தை வையுங்க" என்று எழுந்துபோனார்.

இசக்கியம்மாள் தன் பழைய பதிவேட்டை எடுத்துவந்தாள். பெயர்கள் இருந்த பத்தியின் மேல் காகிதம் ஒட்டியிருந்தாள். "பேரு வேண்டாம் சார். ஊரையும், மொதல்ல சளி சோதிக்கப் போன இடத்தையும் மட்டும் ஏத்துங்க."

ஐம்பத்தெட்டு நோயாளிகள். வீடிருக்கும் ஊரிலிருந்து சோதிக்கப் போன இடம்வரை, பேருந்துப் பாதை வழியே ஆளுக்கொரு கோடு. கோடுகள் விழ விழ ரபீக் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடேயப்பா! தேவன்குளத்துக்காரர்கள் கல்லூரணிக்குப் போயிருந்தார்கள். கல்லூரணிக்காரர்கள் தேவன்குளத்துக்கு வந்திருந்தார்கள். சொந்த ஊரில் சோதித்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. தான் மட்டும்தான் ஒளிந்து போகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் போயிருக்கிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் நாலுமுக்கில்தானே பேருந்து மாற வேண்டும்? ஐம்பத்தெட்டுக் கோடும் அந்த வெறும் வெள்ளையின் மேல் வந்து முடிச்சு விழுந்திருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

"ஒண்ணு ரெண்டு பேரு இப்படி ஒளிஞ்சு போனது தெரியும் சார். எல்லாருமா?" என்று இசக்கியம்மாள் திரையருகே வந்து குனிந்தாள்.

ஒரு கோடு மட்டும் ஆலடியூரிலிருந்து கிளம்பியது. ஆலடியூரில் மொத்தமே பதினோரு வீடு. அங்கிருந்து வந்தது அந்த ஒரே கோடு. ரபீக் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு அழித்துவிட்டார்.

மறுநாள் ஒன்பது தலைவர்கள் முன்னிலையில் படம் சுவரில் விழுந்தது. ஜெபமணி விரல்விட்டு எண்ணினார்.

"பதிவேட்டில ஐம்பத்தெட்டு, இங்க ஐம்பத்தேழு. ஒண்ணு எங்க?"

"அழிச்சுட்டேன் சார்."

"ஏன்?"

"இங்க சொல்ல முடியாது சார்."

"ஒண்ணை அழிச்சவர் பத்தை அழிச்சிருக்க மாட்டார்னு நான் எப்படி நம்புறது? முழுப் படத்தைக் காட்டுங்க. இல்லேன்னா வேன் தேவன்குளத்திலேயே நிக்கட்டும்."

இசக்கியம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். தேவன்குளம் என்றால் செல்லக்கிளி ஏற மாட்டாள். "அந்தக் கோட்டையும் போட்டுருங்க சார், பேருதான் இல்லையே!" என்று கெஞ்சினாள். ரபீக் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

முழு உண்மையைக் கேட்டார் ஒருவர். ஓர் உயிருக்காகக் கோட்டைப் போடச் சொன்னாள் ஒருத்தி. காரியமே கெட்டாலும் பரவாயில்லை என்று மறைத்தார் ஒருவர். நீங்களே சொல்லுங்கள், இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரபீக் செய்ததே சரி. பதினோரு வீட்டு ஊரில் ஒற்றைக் கோடு என்றால், பெயரை மறைத்து என்ன பயன்? அங்கே உட்கார்ந்திருந்த ஆலடியூர்த் தலைவருக்கு வீடே தெரிந்திருக்கும். இசக்கியம்மாள் தன்னை அறியாமலே தன் வாக்கை உடைத்திருப்பாள். அந்தக் கோடு இல்லாததால் முடிச்சு ஓர் அங்குலமும் நகரவில்லை. ஜெபமணி கேட்டதில் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. அவரும் அதை உணர்ந்து ரபீக்கை வெளியே கூட்டிப்போய்க் கேட்டார். திரும்பி வந்து, "நாலுமுக்கு" என்று ஒரே சொல்லோடு கூட்டத்தை முடித்தார். வேன் வந்த இரண்டாம் நாள் செல்லக்கிளி குழந்தையோடு நாலுமுக்கில் பேருந்தைவிட்டு இறங்கினாள். வரிசையில் முன்னால் முக்காடு போட்டு நின்றவள் திரும்பினாள். செல்லக்கிளி வீட்டோடு சுவர் ஒட்டிய அடுத்த வீட்டுக்காரி! அந்த அடுத்த வீட்டுக்காரிதான், "கைப்பிள்ளைக்காரி எவ்வளவு நேரம் நிப்ப? முன்னால போளா" என்று விலகி வழிவிட்டாள்.