சின்னம் ஏறாத வேங்கை

பொள்ளாச்சிக்கு அருகே, வேங்கை என்ற பெயரில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்று இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். புதிய வகை வண்டி தயாரானதும் அதை வால்பாறை மலைப்பாதையில் ஏற்றுவார்கள். ஒருவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் பாதையைப் பார்க்க மாட்டார். மீட்டரையும் பார்க்க மாட்டார். ஓட்டுபவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவர் தன்னை மறந்து சிரித்துவிட்டால், மலை மேலேயே வண்டியின் முன்னால் பித்தளைப் புலிச் சின்னத்தைப் பொருத்துவார்கள். சிரிக்காவிட்டால் சின்னம் பைக்குள்ளேயே திரும்பி வரும்.

தொழிற்சாலையைத் தொடங்கிய பெரியவருக்கு மலைப்பாதை என்றால் பயம். பள்ளத்தைப் பார்க்க முடியாமல் டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். வழக்கம் வந்த கதை அவ்வளவுதான்.

பெரியவருக்குப் பிறகு அந்த இருக்கை சுலோசனாவிடம் வந்தது. அந்த வேலையை இப்போது சுலோசனாவிடம் கற்றுக்கொண்டிருந்தவர் பெரியநாயகம். சுலோசனாவைவிட வயதில் மூத்தவர். இன்ஜின் பிரிவின் தலைவர். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்த வேங்கை என்று சொல்லிவிடுவார். சுலோசனாவைக் ‘குருவம்மா’ என்று கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

அன்று மலையேறியது முதல் ஹைபிரிட் வேங்கை. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது. சின்னம் ஏறாவிட்டால் அதை வேறு பெயரில் விற்பது, வேங்கை என்ற பெயரைப் பழைய வண்டிகளோடு முடித்துவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

“இந்த வண்டிக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்ணா” என்றார் சுலோசனா.

அவர் ஓட்டினார். பெரியநாயகம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆழியாறு அணையைத் தாண்டி, சில வளைவுகள் ஏறி, பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் சுலோசனா வண்டியை நிறுத்தினார்.

“என்ன பார்த்தீங்க?”

“சின்னம் வேண்டாங்க, குருவம்மா.”

“நான் சிரிச்சேனா?”

பெரியநாயகம் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

“தெரியலீங்க.”

“பக்கத்துலதானுங்ணா இருந்தீங்க?”

“கண்ணை மூடி இன்ஜினைக் கேட்டுட்டு இருந்தனுங்க. பாதி நேரம் ஊமையாட்டம் வருது. அதுக்கு மேல எதைப் பார்க்கறது?”

சுலோசனா கதவைத் திறந்து இறங்கினார். சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

“இந்தப் பக்கம் வாங்க.”

பெரியநாயகம் இடம் மாறி உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

“கிளம்ப மாட்டேங்குதுங்க” என்றார், சற்று மகிழ்ச்சியோடு.

“முதல் தடவையே கிளம்பிடுச்சுங்ணா. அடுத்த அழுத்துல அணைச்சுட்டீங்க. இப்ப மறுபடி கிளம்பியிருக்கு.”

“நிசமாவா?”

“மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

முதல் திருப்பத்திலேயே வரையாடு ஒன்று பாதை நடுவே நின்றுகொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியநாயகம் ஹாரன் அடித்தார். அது வேண்டாவெறுப்பாக ஒதுங்கியது.

“பார்த்தீங்களா? பழைய வண்டி கீழே ஆழியாறுல கிளம்புனாவே இதுக பாறை மேல ஏறி நிக்கும். இப்ப புலி வர்றது ஆட்டுக்கே தெரியல.”

“புலி சத்தம் போட்டுட்டா வரும்?”

பெரியநாயகம் உதட்டை இறுக்கிக்கொண்டார். இந்த வண்டியில் சிரிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டவர் போல இருந்தது அவர் முகம்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு.

பழைய வேங்கையில், வளைவு முடிகிற இடத்தில் இன்ஜின் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் ஓட்டுபவர் முன்னால் சாய்ந்து, வண்டி மாட்டிடம் சொல்வது போல “வா, வா” என்பார். வேங்கை ஓட்டிய எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தாங்கள் அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது.

பெரியநாயகமும் சாய்ந்தார்.

“வா…”

இரண்டாவது ‘வா’ வருவதற்குள் மோட்டார் தள்ளியது. முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவர் கையால் செய்த இன்ஜினும் விழித்துக்கொண்டு, மலைச்சரிவு அதிரும்படி உறுமியது. வளைவு பின்னால் போனது. அடுத்த வளைவு வந்தது. அதுவும் போனது.

சுலோசனா பாதையைப் பார்க்கவில்லை.

மேலே தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் பெரியநாயகம் வண்டியை ஓரம் கட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்ப்புச் சொல்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எடை கூடிடுச்சுங்க.”

“கூடிடுச்சு.”

“பிரேக் மிதிச்சா காலுக்கு வேற மாதிரி தெரியுது.”

“ஆமாங்ணா. அதைச் சரி பண்ணணும்.”

“காலைல கிளம்பறப்ப அந்த உறுமல் இல்லை. பட்டறைல அத்தனை பேரும் டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டுத் திரும்பிப் பார்ப்பாங்களே, அது இல்லை.”

“அது போச்சு” என்றார் சுலோசனா. “எனக்கும் வருத்தந்தான்.”

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று பெரியநாயகம் எதிர்பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“பெரியவர் இருந்திருந்தா இதை ஏத்துக்குவாருங்களா?”

“நீங்க ஓட்டுன ஓட்டுக்கு, பாதி வழிலயே இறங்கி நடந்திருப்பாரு.”

“விளையாடாதீங்க, குருவம்மா. உறுமல் போச்சு, எடை கூடிப்போச்சு, உள்ளே பாதி புதுசு. அப்புறம் எதை வெச்சு இதை வேங்கைன்னு சொல்றது? அதை மட்டும் சொல்லுங்க.”

சுலோசனா கையை நீட்டி இருக்கைக்குப் பின்னால் துழாவினார். ஒரு தொப்பியை எடுத்தார். தூசியைத் தட்டினார். தன் பையிலிருந்து பித்தளைப் புலியையும் திருப்புளியையும் எடுத்துத் தொப்பிக்குள் போட்டு, அவர் மடியில் வைத்தார்.

பெரியநாயகம் தலையைத் தொட்டுப் பார்த்தார். வெறும் தலை.

“இது எப்பங்க விழுந்துச்சு?”

“நீங்க சிரிச்சப்ப.”