கரிச்சான் சொன்ன ‘வழி காலி!’

மூங்கில்மேட்டுக் காட்டில் ஒரு வெளிமான் இருந்தது. அதன் கொம்புகள் முறுக்கிக்கொண்டு மேலே போகும். அதனால் மற்ற விலங்குகள் அதைச் சுருளன் என்று கூப்பிட்டன. ஓட்டத்தில் சுருளனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அது சுருளனுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஓடை வற்றியது. சுனைகளும் வற்றின. மிஞ்சியது ஆலங்குட்டை ஒன்றுதான். அதற்குப் போக ஒரே ஒரு பாதை. பாதையின் இரண்டு பக்கமும் காரைமுள் புதர். முதலில் போனால் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். பிந்திப் போனால் கலங்கிய சேறுதான். ஆகவே பொழுது விடிந்ததும் எல்லா விலங்குகளும் ஓட்டமாய் ஓடின.

அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிற சின்ன உயிர்கள் பாவம்! ஒரே வாரத்தில் ஓர் ஆமையின் ஓடு விரிசல் விட்டது. ஓர் அணிலின் வால் நசுங்கியது. விலங்குகள் கூடிப் பேசின. பாதையோர நாவல் மரத்திலிருந்து வளைவில் இருக்கும் கறையான் புற்று வரைக்கும் யாரும் ஓடக்கூடாது, நடந்துதான் போக வேண்டும் என்று முடிவு செய்தன. மீறினால், மற்ற எல்லாரும் குடித்து முடிக்கும்வரை இலுப்பை மரத்தடியில் நிற்க வேண்டும். கடைசியாகத்தான் தண்ணீர்.

“சரி, யார் ஓடுகிறார் என்று யார் பார்ப்பது?” என்று கேட்டது காட்டுப்பன்றி மொக்கையன்.

“நான் பார்க்கிறேன்!” என்றது பச்சோந்தி மரகதம்.

மொக்கையன் சிரித்தது. “நீயா? ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக உனக்கு அரை நாள் ஆகுமே!”

“நான் எதற்கு ஓட வேண்டும்? ஓடுகிறவரைப் பார்த்தால் போதாதா?” என்றது மரகதம்.

நாவல் மரத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு கசிவு இருந்தது. ஓர் எறும்புக்குத் தொண்டை நனைகிற அளவுக்குச் சொட்டுச் சொட்டாய் விழும். நடந்து போகிறவர் மரத்திலிருந்து புற்றுக்குப் போவதற்குள் பத்துச் சொட்டு விழும். பத்துக்குள் புற்றைத் தாண்டினால் அது ஓட்டம். இதுதான் மரகதத்தின் அளவு.

முதல் நாளே ஏழு பேர் மாட்டினார்கள். மரகதம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இலையோடு இலையாய்ப் பச்சையாக இருந்தது. மறுநாள் புற்றின் மேல் மண் நிறத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் காய்ந்த சுள்ளியைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

“நில்லுங்கள்! ஐந்து சொட்டு!” என்று திடீரென்று குரல் மட்டும் வரும். ஓடியவர் திடுக்கிட்டு நிற்பார்.

பிடிபட்டவர்கள் சும்மா இருப்பார்களா?

“மரகதம் அக்கா, என்னை நரி துரத்தியது!” என்றது முயல்.

“எங்கே அந்த நரி?”

“அதையும் முந்திவிட்டேன் அக்கா!”

“அப்படியென்றால் உண்மையிலேயே ரொம்ப வேகம்தான். இலுப்பை மரத்தடிக்குப் போ!” என்றது மரகதம்.

மொக்கையன் வேறு மாதிரி சொன்னது. “நான் எங்கே ஓடினேன்? இங்கே பாதை சரிவு. என் உடம்பு கனம். தானாக உருண்டு வந்துவிட்டேன்!”

“அப்படியே உருண்டு மரத்தடிக்குப் போ.”

சுருளனும் ஒரு மதியம் மாட்டியது. ஆனால் அது பணியவில்லை. “உன் அளவே தப்பு! வெயில் ஏற ஏறச் சொட்டு மெதுவாக விழுகிறது. மதியத்தில் நடந்து போனால்கூட ஓட்டம் என்றுதான் சொல்வாய்!” என்று வாதாடியது.

மரகதம் கோபப்படவில்லை. முள்ளம்பன்றியைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னது. சொட்டுகளை எண்ணியது. எட்டுதான் விழுந்தது.

“நீ சொன்னது சரி. இனிமேல் மதியத்தில் எட்டுச் சொட்டுதான் அளவு.”

“பார்த்தாயா! அப்படியானால் நான் போகலாமா?”

“நீ மூன்று சொட்டில் தாண்டினாய், சுருளா. மரத்தடிக்குப் போ.”

சுருளன் இலுப்பை மரத்தடியில் நின்றது. முயலும் பன்றியும் எருமையும் வயிறு முட்டக் குடித்துவிட்டு அதற்கு முன்னால் நடந்து போயின. அதன் நாக்கு வறண்டது. அதைவிட அவமானம்தான் அதிகமாகச் சுட்டது. காட்டிலேயே வேகமான கால் நம்முடையது. நாம் கடைசியில் நிற்பதா என்று நினைத்தது.

அப்போது தலைக்கு மேலே கிளையில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் கண்ணுச்சாமி. பிளந்த வாலை ஆட்டிக்கொண்டு அலுப்போடு பேசியது.

“சுருளண்ணே, உங்களுக்குத் தண்ணீர் போச்சு. எனக்குச் சாப்பாடே போச்சு!”

“உனக்கு என்ன?”

“நீங்கள் எல்லாம் ஓடும்போது புல்லிலிருந்து தத்துக்கிளி கிளம்பும். பறந்து பறந்து பிடிப்பேன். இப்போது ஆடி அசைந்து நடக்கிறீர்கள். ஒரு பூச்சி கிளம்பமாட்டேன் என்கிறது!”

சுருளன் காதை நிமிர்த்தியது. “உன் கண்ணுக்கு அந்தப் பச்சோந்தி தெரியுமா?”

“இலைக்கு அடியில் இருக்கும் புழுவே எனக்குத் தெரியும். பச்சோந்தி தெரியாதா?”

“அப்படியானால் இப்படிச் செய்வோம். விடிந்ததும் ஒரு சுற்றுப் பார். மரகதம் இருந்தால் வாயைத் திறக்காதே. இல்லாவிட்டால் ‘வழி காலி!’ என்று கத்து. நாங்கள் ஓடுவோம். உனக்குப் பூச்சி!”

“ஆகா! நல்ல யோசனை அண்ணே!” என்றது கண்ணுச்சாமி.

சுருளன் மற்றவர்களிடமும் ரகசியத்தைச் சொன்னது. மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. மரகதமும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார முடியாதே. இரை தேடப் போகும். வெயில் காயப் போகும். அந்த நேரம் பார்த்து, “வழி காலி! வழி காலி!” என்று கரிச்சான் கத்தும். பாதை அதிரும். தூசி பறக்கும். தத்துக்கிளிகள் நாலாபக்கமும் தெறிக்கும். கண்ணுச்சாமி விருந்து சாப்பிடும். கரிச்சான் சத்தம் இல்லையென்றால் எல்லாரும் சாதுவாகத் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள்.

“இப்போதெல்லாம் ஒருத்தரும் மாட்டுவதில்லை. எல்லாரும் திருந்திவிட்டார்கள்!” என்று மரகதம் சந்தோஷப்பட்டது.

சுருளன் அதைக் கேட்டுச் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டது.

பாதையோரப் புதரில் வடிவு என்ற கவுதாரி குடியிருந்தது. அதற்கு ஏழு குஞ்சுகள். பொரித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. குஞ்சுகளுக்குக் கறையான் வேண்டும். அது பாதைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. இத்தனை நாளும் வடிவு தனியாகப் போய்க் கொண்டுவந்தது. இனிமேல் குஞ்சுகள் தாமே கொத்தப் பழக வேண்டும் என்று, அன்று காலையில் ஏழையும் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

அன்றைக்கு மரகதம் காவலுக்கு வரவில்லை. அதற்குத் தோல் உரிக்கும் நாள். உடம்பெல்லாம் அரிப்பு. தூரத்தில் ஒரு வேலமரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கரிச்சான் ஒரு சுற்றுப் பறந்து பார்த்தது. இலைகளைப் பார்த்தது. புற்றைப் பார்த்தது. சுள்ளிகளைப் பார்த்தது.

“வழி காலி!” என்று உற்சாகமாகக் கத்தியது.

சுருளன் பாய்ந்தது. நாவல் மரத்தைத் தாண்டியது. காதில் காற்று இரைந்தது. வளைவில் திரும்பியது. திரும்பிய இடத்தில், பாதையின் நடுவில், வடிவும் ஏழு குஞ்சுகளும்!

குஞ்சுகளுக்கு ஓடத் தெரியவில்லை. பயம் வந்தால் அசையாமல் தரையோடு ஒட்டிப் படுக்க வேண்டும் என்றுதான் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தது. அவை அப்படியே படுத்துக்கொண்டன.

சுருளன் நிற்கப் பார்த்தது, முடியவில்லை. ஒரே தாவலாகத் தாவியது. பாதி தூரம்தான் தாண்டியது. முன்னங்கால் மடங்கி, கொம்பு கறையான் புற்றில் மோதி, புரண்டு விழுந்தது.

தூசி அடங்க வெகுநேரம் ஆனது.

வடிவு ஒவ்வொரு குஞ்சாக மூக்கால் தொட்டுப் பார்த்தது. ஆறு எழுந்து நின்றன. ஏழாவது எழுந்திருக்கவில்லை. அதற்கு உயிர் இருந்தது. ஆனால் ஒரு கால் நசுங்கிக் கிடந்தது. கீச் கீச்சென்று மெல்லக் கத்தியது.

சுருளன் தலையைத் தூக்கி மேலே பார்த்தது. “கண்ணுச்சாமி! வழி காலி என்றாயே!”

கிளையிலிருந்து பதில் வந்தது. “பச்சோந்தி இல்லை என்றுதானே அண்ணே சொன்னேன்! வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே!”

உண்மைதான். ஒரு நாளும் சுருளன் அப்படிக் கேட்டதில்லை.

வடிவு அழவில்லை; திட்டவும் இல்லை. குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு கேட்டது: “ஓடிப் போய்க் குடித்தால் தண்ணீர் இனிக்குமா, அண்ணா? தெரியாமல்தான் கேட்கிறேன்.”

சுருளன் நொண்டி நொண்டி எழுந்தது. குட்டைக்குப் போகவில்லை. நேராக இலுப்பை மரத்தடிக்குப் போய் நின்றது.

சேதி கேட்டு மரகதம் வந்துசேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. பாதி உரிந்த தோல் அதன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நீ ஏன் இங்கே நிற்கிறாய், சுருளா? நான் காவலில் இல்லை. நான் பார்க்காத ஓட்டத்துக்கு நான் தண்டனை கொடுக்க முடியாது.”

“நான் பார்த்தேனே!” என்றது சுருளன். கரிச்சானோடு செய்த ஏற்பாட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னது.

மரகதம், “என் மேலேயும் தப்பு இருக்கிறது. எத்தனை பேரைப் பிடித்தேன் என்று எண்ணினேன். எத்தனை பேர் பத்திரமாகக் கடந்தார்கள் என்று எண்ணவில்லை. யாரும் மாட்டாத நாளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்” என்றது.

கடைசி எருமையும் குடித்துவிட்டுப் போன பிறகுதான் சுருளன் தண்ணீர் குடித்தது.

மறுநாள் விடிந்தது. சுருளன் வடிவின் புதருக்கு முன்னால் போய் நின்றது. முன்னங்கால் வீங்கியிருந்தது.

“உன் குஞ்சுகளைக் கூட்டி வா, வடிவு. நான் பாதையில் குறுக்கே நிற்கிறேன். அவை கடக்கட்டும்.”

வடிவு அதை நம்பாமல் பார்த்தது. குஞ்சுகள் பசியில் கத்தின. வேறு வழியில்லாமல் கிளம்பியது. ஆறு குஞ்சுகள் தத்தித் தத்திப் போயின. ஏழாவது ஒற்றைக் காலில் எம்பி எம்பிப் போனது. அதற்கு வெகுநேரம் பிடித்தது.

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“ஏய் சுருளா, வழி விடு! தாகத்தில் உயிர் போகிறது!” என்று உறுமியது மொக்கையன்.

“இதோ, இந்தப் பிள்ளையும் கடந்துவிடட்டும்.”

“எந்தப் பிள்ளை?” என்று எட்டிப் பார்த்தது மொக்கையன். ஒற்றைக் கால் குஞ்சைப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு வாரம் இப்படியே போனது. சுருளன் முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தது. மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். யாரும் குட்டைக்குள் தடதடவென்று பாயவில்லை. அதனால் அடிச் சேறு கிளம்பவில்லை. கடைசியில் வந்த முள்ளம்பன்றிக்கும் தெளிந்த தண்ணீர் கிடைத்தது. “இது நமக்கு முன்னாடியே தெரியாமல் போச்சே!” என்று அது ஆச்சரியப்பட்டது.

மரகதம் ஒளிந்துகொள்வதை விட்டுவிட்டது. வளைவுக்கு முன்னால் இருந்த ஒரு கல்லின் மேல், எல்லாருக்கும் தெரியும்படி பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் உட்கார்ந்தது. “முன்னால் குஞ்சுகள் கடக்கின்றன, மெல்லப் போங்கள்!” என்று சொல்லும்.

கரிச்சான் மட்டும் இரண்டு நாள் கோபமாக இருந்தது. பிறகு, எருமையின் முதுகில் உட்கார்ந்து போனால் அது நடக்கும்போதே பூச்சி கிடைக்கிறது என்று கண்டுகொண்டது.

சுருளனின் கால் ஆறியது. முன்பு போல ஓட முடிந்தது. திறந்த புல்வெளியில் ஓடியது. ஆசை தீர ஓடியது. நாவல் மரம் வந்தால் நடந்தது.

ஒரு சாயங்காலம் அது குட்டையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. மரகதம் அங்கே இல்லை. இரை தேடப் போயிருந்தது. எதிரே மொக்கையன் தன் கூட்டத்தோடு வந்தது. மழை வரும் போலிருந்ததால் அவசரம். சுருளன் பார்த்துக்கொண்டே நின்றது. நாவல் மரத்தடியில் பன்றிகள் தாமாகவே நடைக்கு வந்தன. வளைவில் ஒரு காலால் எம்பி எம்பி ஒரு சின்னக் கவுதாரி பாதையைக் கடந்தது. பன்றிகள் நின்றன. முதல் துளி மழை அவற்றின் முதுகில் விழுந்தது. அப்போதும் ஒரு பன்றிகூட அசையவில்லை. கவுதாரி புதருக்குள் போய்ச் சேர்ந்தது.

“போகலாமா?” என்று மொக்கையன் சுருளனிடம் மெல்லக் கேட்டது.

காவலின் கண்ணில் படாமல் தப்பிப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. யாரும் பார்க்காதபோதும் வழியில் வரும் உயிருக்காக வேகத்தைக் குறைப்பதே கெட்டிக்காரத்தனம்.