முதல் ரீடிங்

பேராசிரியர் ஞானசிகாமணி முப்பத்தாறு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். சோதனையில் வராத ரீடிங்கை வந்ததாக எழுதிவிட்டு அவரிடம் தப்பித்தவர் கிடையாது. அவர் காலமாகி ஒரு மாதம் கழித்து, பாளையங்கோட்டையில் அவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே நினைவுக் கூட்டம் வைத்தார்கள்.

கடைசியாகப் பேச வேண்டியவள் சங்கரவடிவு. அவரிடம் ஆராய்ச்சி செய்த முதல் மாணவி. இப்போது அவர் உட்கார்ந்த நாற்காலியில் துறைத்தலைவி. ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதில் வேதியியல் ஒரு பக்கம்தான். மீதியெல்லாம் அவர் குடும்பத்தைத் தாங்கிய கதை. மகள் கிருபா கணக்கில் பெயிலான அன்று அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன மனிதர் இல்லையா! அதைச் சொன்னால் அரங்கமே கண்ணைத் துடைக்கும் என்று வடிவுக்குத் தெரியும்.

கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. வடிவு சாருடைய பழைய லேபில் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். லேப் வாசலில் ஓர் ஆள் தயங்கி நின்றார். நரைத்த தாடி, நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை. நெற்றி மட்டும் அப்படியே சாருடைய நெற்றி. மூத்த மகன் ஜெபத்துரை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

ஊருக்கே தெரிந்த சங்கதி, ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஜெபத்துரை அப்பாவிடமே பி.எஸ்சி. படித்தவன். இரண்டாம் வருஷம் ரெக்கார்டு நோட்டில் ஒரு ரீடிங்கை மனம்போல எழுதிவிட்டான். சார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதை வாசித்தார். இது என் பிள்ளையின் கையெழுத்து இல்லை, ஒரு திருடனின் கையெழுத்து என்றார். நோட்டை இதே லேபின் ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். பையன் நோட்டை எடுக்கவும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. தேனிப் பக்கம் போய் மோட்டார் ரிப்பேர் கற்றுக்கொண்டு அங்கேயே குடும்பமாகிவிட்டான். முப்பத்திரண்டு வருஷம். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட வரவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன்," என்றார் ஜெபத்துரை. "அப்பா என்னைப் பத்தி எப்பவாவது ஏதும் சொன்னாங்களா?"

அத்தனை வருஷம் கூட இருந்து பார்த்தவள் வடிவு. அந்தப் பெயரை அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் நினைப்பாகவே இருந்தார் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மனிதர் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவார். சொல்லத்தான் வாயெடுத்தாள், வரவில்லை. அந்தக் கலையை மட்டும் சார் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டார்.

"உங்க பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை."

ஜெபத்துரை தலையாட்டினார். இதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பார் போலிருக்கிறது. "தங்கச்சி பெயிலானப்ப அல்வா வாங்கிட்டுப் போனாங்களாமே. வெளிய பேசிக்கிட்டாங்க."

"ஆமா."

"எனக்கு ஜன்னல்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வடிவு அந்த ஜன்னலைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக எங்கேயோ கிடந்த ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டு, மூன்றாவது மேஜையருகே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். இதே மேஜைதான் என்று சொல்லி ஆரம்பித்தாள்.

ஜெபத்துரை வீட்டை விட்டுப் போன மறு வருஷம்தான் வடிவு சாரிடம் பி.எஸ்சி. படிக்கச் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு டைட்ரேஷன் கொடுத்தார். மேலே ப்யூரெட் என்ற அளவுக் கண்ணாடிக்குழலில் காரம், கீழே குடுவையில் அமிலம். காரத்தைப் பார்த்துப் பார்த்து விட்டால், சரியான இடத்தில் குடுவையில் லேசாக ரோஸ் நிறம் தட்டும். ஒரு சொட்டு கூடினாலும் போச்சு, விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. வடிவு அன்றைக்கெல்லாம் அவசரக்குடுக்கை. குழாயைத் திறந்துவிட்டாள், குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. ரீடிங், அதாவது செலவான காரம், இருபத்தொன்று புள்ளி ஆறு மில்லி. அடுத்த மூன்று தடவை நிதானமாக விட்டதில் இருபது புள்ளி மூன்று வந்தது. முதல் ரீடிங்கின் குறுக்கே கோடு கிழித்துவிட்டு நோட்டை நீட்டினாள். எல்லா லேபிலும் செய்வதுதான். இந்த லேபில் அதைக் கண்டிப்பாகச் செய்ய வைத்தவரே சார்தான் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

சார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, கோட்டுக்குக் கீழே அதே எண்ணைத் தன் கையால் மறுபடி எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

தப்பான ரீடிங்தானே சார், அதை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வடிவு கேட்டாள்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார்.

போட்டாள். இருபது வரை வேகமாக விட்டு, அங்கே குழாயை இறுக்கி, ஒவ்வொரு சொட்டாக விட்டாள்.

"அந்த இடத்துல ஏன் இறுக்குனே?"

"முதல் தடவை அங்கதான் சார் கை மீறிப் போச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மோனியா நெடி என்று வடிவு நினைத்தாள். முப்பது வருஷமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள், மடச்சி.

"கிருபாவுக்கு அல்வா வாங்கிட்டுப் போனது அதுக்கு அடுத்த மாசம்," என்றாள் வடிவு.

அரங்கில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லித் தேடினார்கள். ஜெபத்துரை எழுந்திருக்கவில்லை. கறை பிடித்த விரல்களை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"சொன்னாங்க. என் அவசரத்துக்கு என்னைத் திட்டப்போறாங்கன்னு நின்னேன். திட்டல."

"பின்னே?"

"'அவசரப்பட்டது என் கைதாம்மா'ன்னாங்க. 'அந்த ரீடிங் பாவம், அது என்ன செய்யும்?'"