குழாய் வண்டியின் நிழல்

"பாய், நான் எப்பத்தான் ரைட் சொல்றது?"

காளியண்ணன் கேட்டேவிட்டார். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

சங்ககிரிக்கு வெளியே இருக்கும் அந்த லாரிப் பேட்டையில் ஒரு வழக்கம். சரக்கை ஏற்றிக் கட்டி முடித்ததும் மேஸ்திரி வண்டியின் பக்கப் பலகையை இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்பார். அதுவரைக்கும் எந்த டிரைவரும் வண்டியைக் கிளப்ப மாட்டான். முதலாளியே வந்து தையத்தக்கா என்று குதித்தாலும் சரி.

மேஸ்திரி ரகமத்துல்லா, காளியண்ணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு. காளியண்ணன், முட்டி தேய்ந்து ஸ்டியரிங்கை விட்டபின் வந்து சேர்ந்த சீடர்.

"இன்னிக்கே சொல்லுங்கண்ணா. குழாய் லோடு நிக்குது. ஏத்திக் கட்டுறது முழுக்க உங்க பொறுப்பு. நல்லா இருந்தா ரைட்டும் உங்களுது."

"நல்லா இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றது?"

"குன்னூர் மலையில வளைவு வளைவா ஏறப்போறவன் டிரைவர் மாதேசுதான். அவன் போயிட்டு வந்து சொல்லட்டும்."

காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கிரேனில் இரும்புக் குழாய்கள் தொங்கும்போது கீழே ஒரு ஈ காக்காயை விடவில்லை. அடுக்குக்கு அடுக்கு, குழாய் உருளாமல் இரண்டு பக்கமும் மரஆப்பு. மேலே சங்கிலி.

இடப்பக்கம், பின் மூலையில் ஒரே ஒரு ஆப்பு பிளந்திருந்தது. புது ஆப்பு குடோனின் அந்தக் கோடியில். தலைக்கு மேலே சித்திரை வெயில்.

காளியண்ணன் ஒரு சாக்கை மடித்துத் திணித்தார். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். தார்ப்பாய் மூடியபின் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க பாய். மலையே புரண்டாலும் இது புரளாது."

ரகமத்துல்லா வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஒரு கயிற்றைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. மாதேசிடம் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் காலால் நெட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு ரைட் சொல்லுங்க. பசியோட வேண்டாம்."

பேட்டையில் இருந்த நிழலே அந்த வண்டியின் இடப்பக்க நிழல்தான். அங்கே பேப்பரை விரித்துத் தக்காளிச் சோற்றுப் பொட்டலங்களை வைத்தார். மாதேசுக்குச் சோற்றைக் கண்டால் போதும். டயரில் சாய்ந்து உட்கார்ந்து பிரித்துவிட்டான்.

காளியண்ணன் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எட்டப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

"ஏண்ணா வெயில்ல?"

"இங்கதாங்க காத்து வருது."

ஒரு இலை அசையவில்லை.

"நிழல் நிறையக் கெடக்குதுங்களே."

"எனக்குக் குளிர்ச்சி ஒத்துக்காதுங்க பாய்."

"சித்திரை மாசத்துலயா?" என்றான் மாதேசு, வாய் நிறையச் சோற்றோடு.

 ரகமத்துல்லா ஒரு அவித்த முட்டையை எடுத்து மாதேசின் பக்கம் நகர்த்தினார்.

"மெதுவாச் சாப்பிடு தம்பி. நல்லாச் சாஞ்சு உக்காரு."

மாதேசு முட்டையை லாரிப் பலகையில் தட்டி உடைத்தான். அவன் தலைக்கு நேர் மேலே, சாக்கைத் திணித்த அந்தப் பின் மூலை.

காளியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"மாதேசு, எந்திரி."

"பெரியண்ணா, முட்டை..."

"முட்டையையும் எடுத்துக்க. வந்து என் கல்லுல உக்காரு."

தார்ப்பாய் இறங்கியது. கிரேன் மறுபடி வந்து குழாய்களைத் தாங்கிப் பிடித்தது. சாக்கு வெளியே வந்து விழுந்தது. காளியண்ணன் குடோனின் அந்தக் கோடிக்கே போய், நொண்டி நொண்டிப் புது ஆப்போடு வந்தார். அடித்து இறுக்கினார். அத்தோடு விடவில்லை. மற்ற ஆப்புகளையும் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்தார். சங்கிலி, கயிறு எல்லாம் முதலிலிருந்து.

ரகமத்துல்லா சோற்றை முடித்துக் கை கழுவினார். 

காளியண்ணன் இறங்கி வந்தார். ஆறிப்போன பொட்டலத்தோடு வண்டியின் இடப்பக்க நிழலில் உட்கார்ந்தார். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு, சக்கரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அந்த மூலைக்கு நேர் கீழே துண்டை விரித்துப் படுத்தார்.

அடுத்த நிமிஷம் குறட்டை.

மாதேசு தலையைச் சொறிந்தான்.

"நேரமாவுதுங்க பாய். இன்னும் யாரும் ரைட் சொல்லலியே?"

ரகமத்துல்லா சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"சொல்லிட்டாரு. மெதுவா எழுப்பு."