ஓடுபாதையில் பனி

"பறக்காதவங்களுக்கு மேலே போக வழி இருக்கா, சார்?"

விங் கமாண்டர் ஜெசிந்தா இதைக் கேட்கப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

எதிரே இருந்தவர் குலசேகரன். விமானப்படை அகாதெமியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். இன்ஜின் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்து, ஒரு நாள்கூட விமானம் ஓட்டாமல், ஏர் மார்ஷலாகி ஓய்வுபெற்றவர். வடக்கே, அவள் வேலை பார்க்கும் பயிற்சித் தளத்துக்கு ஒரு விழாவுக்காக வந்திருந்தார்.

ஜனவரி மாதக் காலை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

அவள் தன் கதையைச் சொன்னாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆரம்பித்தது. போர்க் கல்லூரிப் படிப்பு, டெல்லியில் மூன்று வருடம், பாலைவனத்தில் ஒரு ராடார் பிரிவின் பொறுப்பு. மேலிடம் சொன்ன எல்லாவற்றையும் செய்தாயிற்று. பதவி உயர்வுப் பட்டியல் இரண்டு முறை வந்தது. இரண்டிலும் அவள் பெயர் இல்லை. தனியார் விமான நிலையம் ஒன்று அவளைக் கூப்பிடுகிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மார்புல இறக்கை பேட்ஜ் குத்தின விமானிங்க பின்னாடிதான் ஆளுங்க போறாங்க, சார்."

குலசேகரன் தேநீரை வெகுநேரம் கலக்கினார்.

"பனி இறங்குதும்மா" என்றார்.



தொலைபேசி அடித்தது. கோபுரத்திலிருந்து.

பயிற்சி விமானம் ஒன்று தரையிறங்கி, ஓடுபாதை நடுவிலேயே இன்ஜின் அணைந்து நிற்கிறது. எங்கே நிற்கிறோம் என்று விமானிக்கே தெரியவில்லை. இன்னொரு விமானம் மேலே சுற்றுகிறது. பக்கத்துத் தளங்களையும் பனி மூடிவிட்டது. மேலே சுற்றும் விமானத்துக்கு அரை மணி நேர எரிபொருள்தான் மிச்சம்.

ஜெசிந்தா ஓடினாள்.

தீயணைப்பு வண்டியின் விளக்கு நாலடிக்கு மேல் போகவில்லை. வண்டியில் போனால் விமானத்தின் மேலேயே மோதலாம். வண்டியிலிருந்த ஆறு பேரையும் கீழே இறங்கச் சொன்னாள்.

"நடந்து போவோம். ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்குங்க. என் குரல் கேட்கிற பக்கம் வாங்க."

கல், ஆணி கிடக்கிறதா என்று பார்க்க தினமும் விடியலில் அவள் நடக்கும் பாதை அது. நடுக்கோட்டின் தடித்த பெயின்ட் பூட்ஸின் அடியில் தட்டுப்பட்டது. அதை விடாமல் நடந்தாள்.

வெள்ளை. மேலும் வெள்ளை. காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்பதே ஒரு நினைப்புப் போல இருந்தது. "வாங்க" என்று அவள் சொல்வது யாரோ தூரத்தில் சொல்வதாக அவளுக்கே கேட்டது. எவ்வளவு நேரம் நடந்தாளோ.

பனிக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீண்டது. விமானம்.

விமானி கீழே இறங்கி, ஒரு கையால் இறக்கையைத் தொட்டபடி நின்றிருந்தார்.

"எந்தப் பக்கம் தள்ளணும், மேடம்?"

"இடது. புல் மேல. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

எல்லோரும் தள்ளினார்கள். சக்கரம் புல்லில் இறங்கியது. இன்னும் தள்ளச் சொன்னாள். பிறகு வாக்கி-டாக்கியில் பேசினாள்.

"ஓடுபாதை காலி. ராடார் பார்த்து வழி சொல்லி இறக்குங்க."

அவர்கள் ஈரப்புல்லில் நின்றார்கள். தலைக்கு மேலே ஒரு சத்தம் வந்தது, வளர்ந்தது, காதை நிறைத்தது. எதுவும் தெரியவில்லை. பனி மட்டும் ஒருமுறை அசைந்து கிழிந்து மூடிக்கொண்டது. தரையில் சக்கரங்கள் கீச்சிட்டன. பிறகு அமைதி.

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள்.

திரும்பும்போதும் அவள்தான் முன்னால். கோபுரத்தின் சுவர் கைக்குத் தட்டுப்பட்டதும் நின்று, வந்தவர்களை எண்ணினாள். தீயணைப்புக்காரர்கள் ஆறு பேர். விமானி. அவருக்குப் பின்னாலும் ஒருவர், விமானியின் தோளைப் பிடித்தபடி. கோட்டு முழுக்க நனைந்திருந்தது. காலணியில் புல் ஒட்டியிருந்தது.

குலசேகரன்.

"சார், நீங்க எப்ப வந்தீங்க?"

"நீங்க 'வாங்க'ன்னு கூப்பிட்டப்ப."